பழைய கணவாய்ச் சாலைகள் குறுகலாகவே இருக்கட்டும்

திருநாள் விடுமுறை முடிந்து கிழக்குக் கரையிலிருந்து திரும்பும் வாகனங்கள் காராக் நெடுஞ்சாலையில் வரிசை பிடித்து நிற்கும் ஒவ்வொரு முறையும், பழைய கோம்பாக் – பெந்தோங் சாலையை அகலப்படுத்தக் கூடாதா, உலு லங்காட்டிலிருந்து ஜெலெபுவுக்குப் போகும் கெந்திங் பெராஸ் சாலையை நான்கு தடமாக்கக் கூடாதா என்ற பேச்சு நம் நண்பர்கள் வட்டத்தில் எழுந்துவிடுகிறது. கோலாலம்பூரில் வாழ்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை மிதிவண்டியிலும் காட்டுத் தடங்களிலும் கழிப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான மாற்றுக் கருத்து உண்டு. அந்தச் சாலைகள் குறுகலாகவே இருக்க வேண்டும். அதோடு, மாதத்தில் சில மணி நேரமாவது அவை மோட்டார் வாகனங்கள் இல்லாமல், மிதிப்பவர்களுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் உரியவையாக இருக்க வேண்டும்.

தீபகற்ப மலேசியாவைக் கிழக்கு மேற்காகப் பிரித்து நிற்கும் தித்திவங்சா மலைத்தொடரை, தலைநகரில் இருப்பவர்கள் மூன்று கணவாய்களின் வழியே எளிதில் கடக்கலாம். தெற்கே பெராஸ், சிலாங்கூரும் நெகிரி செம்பிலானும் சந்திக்கும் அந்த இடம் சுமார் 500 மீட்டர் உயரம். நடுவே, பெந்தோங்குக்குப் போகும் பழைய சாலையில் கெந்திங் செம்பா, சுமார் 600 மீட்டர். வடக்கே, கோலகுபு பாருவுக்கும் ரவூப்புக்கும் இடையில், பிரேசர் மலைக்குப் பிரியும் இடத்தில் 'கேப்' கணவாய், சுமார் 800 மீட்டர். இவற்றின் மேற்குச் சரிவில் விழும் மழைநீர் மலாக்கா நீரிணையை நோக்கி ஓடுகிறது; சில அடிகள் தள்ளிக் கிழக்கே விழும் நீரோ பகாங் ஆற்றில் சேர்ந்து தென்சீனக் கடலுக்குப் போகிறது. சிகரத்தில் ஏறினால் வந்த வழியே இறங்க வேண்டும். கணவாயைக் கடந்தால் வேறொரு பள்ளத்தாக்கு, வேறொரு மாநிலம், வேறு சாயலில் பேசும் மனிதர்கள் எதிர்ப்படுகிறார்கள். கினபாலு மலையின் 4,095 மீட்டரைத் தொட்டுவிட்டு வந்து படம் போடும் நம் இளைஞர்கள், பெராஸ் தாண்டி ஜெலெபுவில் காலைப் பசியாற ஒருமுறையேனும் போயிருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஏன் குறுகலான சாலை என்பதற்கு முதல் காரணம் அதன் சாய்வில் இருக்கிறது. மாட்டுவண்டிக் காலத்துக் கணக்கை ஒட்டியும், வலுவற்ற தொடக்ககால மோட்டார் வண்டிகளை மனத்தில் கொண்டும் போடப்பட்ட பழைய மலைச்சாலைகள், மலையை நேராக எதிர்க்காமல் அதன் மடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து வெளியே வந்து, ஒவ்வொரு ஓடையின் தலைப்பையும் சுற்றிக்கொண்டு மெல்ல உயர்கின்றன. தூரம் கூடுகிறது, ஏற்றம் குறைகிறது. 1971-இல் திறக்கப்பட்ட கெந்திங் மலை விடுதிக்கு ஏறும் சாலையை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அது மண்வாரி இயந்திரங்களாலும் கார்களுக்காகவும் உருவான சாலை. 'டூர் டி லங்காவி' என்ற பன்னாட்டு மிதிவண்டிப் பந்தயத்தின் வீரர்களே அந்த ஏற்றத்தில் ஒருவர் பின் ஒருவராகச் சிதறிப் போவார்கள். பெராஸ் அப்படியல்ல. இலகுவான பற்சக்கரம் பொருத்திய சாதாரண மிதிவண்டியில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களும் மூச்சைச் சீராக வைத்துக்கொண்டு, உலு லங்காட்டின் பதினெட்டாங்கட்டையில் தொடங்கி சுங்கை லூய் கிராமத்தைக் கடந்து உச்சி வரை ஏறிவிடலாம். அகலப்படுத்துபவர்கள் முதலில் நேராக்குவது வளைவுகளைத்தான்; வளைவு நேரானால் சாய்வு கூடும், வேகமும் கூடும். கால்களுக்கு ஏற்ற சாலை அங்கேயே முடிந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மலாயாவின் பொதுப்பணித் துறையிலும் இரயில் பாதை வேலைகளிலும் நம் முன்னோர் பெருந்தொகையாக உழைத்தனர். கல் உடைத்து, சரளை பரப்பி, மழைக்காலத்தில் சரிந்த மண்ணை அள்ளிக் கொட்டிய அந்தக் கூலிக்காரர்களுக்கு எந்தச் சாலையோரத்திலும் பெயர்ப்பலகை கிடையாது. நாட்டின் பழைய சாலைகளைப் பற்றிப் பேசும்போது அவற்றை நம்முடைய வரலாறாகவும் எண்ணிப் பேசும் உரிமை நமக்கு உண்டு.

மிதிவண்டியும் நடையும் ஒரே கணவாயை இரண்டு விதமாகக் காட்டுகின்றன. மிதிவண்டியில் ஏறுபவனுக்கு மலையின் வடிவம் தொடையில் தெரிகிறது: எந்த வளைவுக்குப் பிறகு ஏற்றம் கடுமையாகும், எங்கே காற்று குளிரத் தொடங்கும் என்பதெல்லாம் உடம்பில் பதிந்துவிடும். ஆனால் அவன் பார்வை பெரும்பாலும் முன்சக்கரத்துக்கு அப்பால் பத்தடி தூரத்தில்தான் நிற்கும். காட்டில் என்ன இருக்கிறது என்று அறிய இறங்கி நடக்கத்தான் வேண்டும். விடிந்த பிறகு சியாமாங் குரங்குகள் பள்ளத்தாக்கின் இரு கரைகளிலிருந்தும் மாறி மாறிக் கூவுவதைக் கேட்கவும், இருவாட்சியின் சிறகோசையைக் கேட்டுத் தலை நிமிரவும், மரப்பெரணிகளின் சுருண்ட தளிரைக் குனிந்து பார்க்கவும் நடையின் வேகமே சரி. (அட்டைகளும் அதே வேகத்தில்தான் நம்மைக் கண்டுபிடிக்கின்றன, உப்பும் நீண்ட காலுறையும் மறக்க வேண்டாம்.) பிரேசர் மலையில் மிதிவண்டியைப் பூட்டிவிட்டு ஹெம்மண்ட் தடத்தில் நடப்பது இந்த இரண்டையும் ஒரே காலையில் சேர்த்துக்கொள்ள எளிய வழி. மிதிகட்டையில் மாட்டும் இரும்பு அடிப்பகுதி வெளியே துருத்தாத காலணியாக அணிந்து சென்றால் போதும். பந்தயக் காலணியோடு ஈர வேர்களில் கால் வைப்பது முழங்காலுக்கு நல்லதல்ல.

பழைய கோம்பாக் சாலையில் நடப்பவர்களுக்கு வேறொரு பாடமும் கிடைக்கிறது. 1965-இல் மலாயாப் பல்கலைக்கழகம் அங்கே ஒரு கள ஆய்வு நிலையத்தைத் தொடங்கியது. காட்டுயிர்களைப் பற்றி நாம் அறிந்ததில் கணிசமான பகுதி அந்தச் சரிவிலிருந்து வந்தது. நாம் தைப்பூசத்துக்கு 272 படி ஏறும் பத்துமலையின் குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் வாழ்கின்றன. இரவில் அவை நெடுந்தூரம் பறந்து சென்று டுரியான் பூக்களில் தேன் குடிக்கும்போதுதான் மகரந்தம் மரத்துக்கு மரம் போகிறது. பெந்தோங் டுரியானுக்கு அலையும் நாம், அந்த வௌவால்கள் கடந்துபோகும் காட்டைப் பிளந்து நான்கு தடம் போடச் சொல்கிறோம்.

இரண்டாவது காரணம் மண். தித்திவங்சா பெரும்பாலும் கருங்கல் மலை. ஆனால் வெயிலும் மழையும் சேர்ந்து அந்தக் கல்லின் மேற்பரப்பைப் பல மீட்டர் ஆழத்துக்கு மென்மையான மண்ணாக்கி வைத்திருக்கின்றன. 2021 டிசம்பரில் பெய்த மழையில் உலு லங்காட்டில் வெள்ளமும் மண்சரிவும் எந்த அளவுக்குப் போயின என்பது நமக்கு நினைவிருக்கும். மறு ஆண்டு டிசம்பர் 16 அன்று அதிகாலை பத்தாங் காலியில் முகாமிட்டிருந்தவர்கள்மேல் மலை சரிந்து 31 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குச் சாலைதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு தளர்ந்த மண்ணில், கட்டாயத் தேவை இல்லாத இடத்தில் புதிதாகச் சரிவுகளை வெட்டுவதற்கு மிக வலுவான காரணம் வேண்டும் என்கிறேன். வார இறுதி நெரிசல் அத்தகைய காரணமாக எனக்குத் தோன்றவில்லை.

குறுகலான சாலையை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய விடை இருந்தது. கேப் கணவாயிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் சுமார் 8 கி.மீ. சாலையில் இரண்டு கார்கள் ஒதுங்க இடமில்லை. அதை அகலமாக்குவதற்குப் பதிலாக, நெடுங்காலம் அங்கே தடுப்புக் கதவு வைத்து, ஒரு மணி நேரம் ஏறுபவர்களுக்கும் அடுத்த மணி நேரம் இறங்குபவர்களுக்கும் திறந்துவிட்டார்கள். பயணிகள் கதவருகே காத்திருந்தார்கள். யாருக்கும் குடி முழுகிவிடவில்லை. 1951 அக்டோபரில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்த மலைக்குப் போகும் வழியில்தான். கம்யூனிஸ்ட் கிளர்ச்சி நடந்த அந்த அவசரகாலத்தின் அச்சத்தையும் தாண்டி அந்தச் சாலை இன்றும் நிலைத்திருக்கிறது.

அதே முறையைப் பெராஸுக்குக் கொண்டுவரலாம். மாதத்தில் ஒரு ஞாயிறு, விடியலிலிருந்து மூன்று மணி நேரம், சுங்கை லூயிலிருந்து உச்சி வரை மோட்டார் வாகனங்களை நிறுத்தி வைத்தால் போதும். இது புதுமையும் அல்ல. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரமும், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டது. அதை ஆண்டுக்கு ஒரு நாள் மிதிவண்டிகளுக்காக மூடுகிறார்கள். நம்மவர்கள் பெருஞ்செலவு செய்து அங்கே போய் வருகிறார்கள். கோலாலம்பூர் நகர மையத்திலேயே 2014 முதல் குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கார் இல்லாச் சாலைகள் இருக்கின்றன. நகரத்தின் நடுவில் முடிவது மலையில் முடியாதா?

மறுப்புகள் வரும் என்று தெரியும். உள்ளூர்வாசிகளுக்கும் அவசர ஊர்திகளுக்கும் விலக்கு அளிக்காமல் இதைச் செய்யவே கூடாது. ஓராங் அஸ்லி என்னும் பூர்வகுடிக் குடும்பங்களையும் கிராமத் தலைவர்களையும் கேட்காமல் தொடங்கவும் கூடாது. வாரக் கடைசியில் கூட்டமாக வரும் பெரிய மோட்டார் சைக்கிள்காரர்கள் கோபப்படுவார்கள். அவர்களுக்கு மாதத்தின் மற்ற எல்லா மணி நேரமும் திறந்தே இருக்கிறது. சாலையோரக் கடைக்காரர்களின் கவலைதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. ஆனால் காரில் போகிறவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தாண்டிவிடுவார். மலை ஏறி இறங்கியவரோ நாசி லெமாக் இரண்டு பொட்டலமும் தே தாரேக்கும் முடித்த பிறகுதான் எழுந்திருப்பார்.

நம் மிதிவண்டிக் குழுக்களுக்கும் ஒரு சொல். மூன்று பேர் பக்கம் பக்கமாக அணிவகுத்துப் பேசிக்கொண்டு ஏறுவதும், இறக்கத்தில் பார்வை மறைந்த வளைவுகளில் எதிர்த்தடத்துக்குள் நுழைவதும், சக்திக்கூழ்ப் பொட்டலங்களைப் பெரணிப் புதரில் வீசுவதும் தொடரும் வரை, நமக்காக ஒரு மணி நேரம்கூட ஒதுக்கும்படி எந்த மாவட்ட அலுவலகத்தையும் நாம் கேட்க முடியாது. அடுத்த குழுக் கூட்டத்தில் கோரிக்கை மனுவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைத்தான் பேச வேண்டும் என்று முன்மொழிகிறேன். உலு லங்காட் பக்கம் வசிக்கும் நண்பர்கள், அங்குள்ளவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள்.