முட்டி வீங்கின ஆட்டுக்கு பென்சிலின்?

மேலே ஒரு அண்ணன், "ஆட்டுக்கு மடி வீங்கி பால் குறைஞ்சா ரெண்டு பென்சிலின் ஊசி போதும், டாக்டர் வேண்டாம்"னு எழுதியிருக்கார். எல்லா மடிவீக்கத்துக்கும் அது ஒத்து வராதுங்க.

ஆட்டுக்கு மடிவீக்கம் தர்ற கிருமிகள்ல மைக்கோபிளாஸ்மா அகலாக்டியேன்னு ஒரு பாக்டீரியா இருக்கு. அதுக்குச் செல் சுவரே கிடையாது. பென்சிலின் வேலை செய்யறதே செல் சுவர் கட்ட விடாம தடுத்துதான். இல்லாத சுவரை எப்படி இடிக்கிறது? டெட்ராசைக்ளின், டைலோசின் மாதிரி மருந்துகள்தான் இதுக்குக் கேக்கும். அளவை கால்நடை டாக்டர்தான் சொல்லணும்.

இந்தக் கிருமி மடியோட நிக்காது. பால் மஞ்சளாத் திரிஞ்சு வரும், முன்னங்கால் முட்டி வீங்கி ஆடு நொண்டும், கண்ணு சிவந்து நீர் வடியும். மூணும் ஒண்ணா தெரியணும்னு இல்ல. மடி மட்டும் வீங்குனா வேற கிருமியாவும் இருக்கலாம், அங்க பென்சிலின் கேக்கலாம். அதனாலதான் பாலை டெஸ்டுக்கு அனுப்பச் சொல்றாங்க.

இன்னொண்ணு, தேறின ஆடும் மாசக்கணக்கா பால்ல கிருமியை விடும். குட்டி குடிச்சா குட்டிக்கு, கறக்கிற கையால அடுத்த ஆட்டுக்கு. போச்சம்பள்ளி சந்தையில வாங்கின ஆட்டை அன்னிக்கே பட்டியில சேர்க்காதீங்க, சில வாரமாவது தனியாக் கட்டுங்க. சேலம் கருப்புன்னாலும் சரி, எந்த ஆடுன்னாலும் சரி.