நிறத்தைப் பார்த்து கருஞ்சீரக எண்ணெய் வாங்காதீர்கள்

கருஞ்சீரக எண்ணெய் 'கறுப்பாக இருந்தால் வீரியம் அதிகம்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன், அது சரியில்லை. விதையை வறுத்து ஆட்டினாலும் எண்ணெய் கறுக்கும். சூடு அதிகமானால் விதையிலுள்ள தைமோகுயினோன் என்ற சத்து குறைந்துவிடும். வீரியத்துக்கு முக்கிய காரணமே அந்தச் சத்துதான். லேபலில் அதன் சதவீதம் இருக்கிறதா என்று பாருங்கள். 1% என்றால் ஒரு தேக்கரண்டியில் (5 மி.லீ.) சுமார் 46 மில்லிகிராம் கிடைக்கும். 'சுத்தமானது' என்ற சொல் மட்டும் இருந்தால் அதற்கு மதிப்பில்லை.

விலையிலும் தெரியும். ஒரு கிலோ விதையைச் சூடேற்றாமல் ஆட்டினால் ஏறக்குறைய 300 மி.லீ.தான் வரும். அப்படியானால் 100 மி.லீ. போத்தலுக்கு 350 கிராம் அளவில் விதை வேண்டும். அந்த விதையின் விலையை விடக் குறைவாக எண்ணெயை யாரும் கொடுக்க முடியாது.

நுவரெலியா, கந்தப்பளை போன்ற குளிர்ந்த மலைப் பக்கம் இருப்பவர்களுக்கு, குளிரை வைத்தே எண்ணெயைச் சோதிக்கும் வசதி உண்டு. தேங்காய் எண்ணெயில் கருஞ்சீரகத்தைக் காய்ச்சி இறக்கியதை இதே பெயரில் விற்கிறார்கள். தலைக்குத் தேய்க்க அது நல்லது, ஆனால் அது விதையை ஆட்டி எடுத்த அசல் எண்ணெய் அல்ல. காலைக் குளிரில் அது வெள்ளையாக உறைந்துவிடும். அசல் எண்ணெய் ஓடும். சூரியகாந்தி, சோயா எண்ணெய் கலந்திருந்தால் இந்தச் சோதனையில் பிடிபடாது, நாக்கில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். முதலில் கசப்பு, பிறகு தொண்டையில் மிளகுக் காரம். காரமே இல்லையென்றால் கலப்படமாகவோ பழசாகவோ இருக்கலாம். பழைய பெயின்ட் போல மணந்தால் கெட்டுவிட்டது, குடிக்கவே கூடாது.

அடியில் கொஞ்சம் வண்டல் இருப்பது குறையல்ல. கடும் நிறக் கண்ணாடிப் போத்தலில் வாங்கி, வெளிச்சம் படாமல் வையுங்கள். சீனி, பிரஷர், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம்.