குருவி அலகை வளர்த்துக்கொள்ளவில்லை

'வறட்சி வந்ததும் குருவிகள் அலகைப் பெரிதாக்கிக்கொண்டன' என்று பரிணாமம் பற்றிய உங்கள் கட்டுரையில் ஒரு வரி. பிளஸ் டூ பிள்ளைகள் இதை அப்படியே பிடித்துக்கொள்வார்கள், தயவுசெய்து திருத்துங்கள். பசிபிக் கடலில் உள்ள கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாப்னே மேஜர் தீவில் 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்து, நம்ம ஊர் நெருஞ்சிக்கு உறவான ஒரு செடியின் முள்காய்தான் மிஞ்சியது. அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். அப்படிப்பட்ட அலகு ஏற்கெனவே இருந்த ஃபிஞ்ச் குருவிகள் அதிகம் பிழைத்தன, மற்றவை பெரும்பாலும் செத்தன. பிழைத்தவற்றின் குஞ்சுகளுக்கும் பெற்றோரைப் போலவே தடித்த அலகு. உயிரியல் ஆய்வாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அலகை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து கண்டது இது. அப்புறம் 1983இல் எல் நினோ (பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்து மழை கொட்டி, சின்ன விதைகள் பெருகின. அடுத்த வருடங்களில் சிறிய அலகுக்காரர்களின் கை ஓங்கியது.