மாஸ்டர் கேட்டது வடிகான், நீங்கள் தந்தது பெனர்

எங்கட லேன் முகப்பில மூன்று பெனர் கட்டினவங்கள். மாஸ்டர் மோசம் போய் இண்டைக்கு 26 நாள். மூன்றிலயும் அவர்ட அதே படம்தான், பழைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பிச்சது, கண்ணே தெரியேல்லை. கீழ நிக்கிறவையின்ட முகங்கள் மட்டும் பளிச்சென்று இருக்கு. ஒருத்தர் சபை உறுப்பினர், ஒருத்தர் போன தேர்தலில தோற்றவர், மற்றவர் தொடர்மாடி கட்டி விக்கிறவர். அவையின்ட தலைகள் செத்த மனுசன்ட தலையைவிடப் பெரிசு! மேல "கண்ணிர் அஞ்சலி". 33 வருசம் தமிழ் படிப்பிச்ச மனுசனுக்குக் கண்ணீர் என்ற சொல்லைப் பிழையில்லாமல் அடிக்க ஏலாமல் போச்சு உங்களுக்கு.

வயிறு எரியுது. அவர் உயிரோட இருக்கேக்க உங்களிட்டக் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வடிகான்.

நாங்கள் வத்தளைப் பக்கம் வரேக்க இந்த லேனில 11 வீடு. இப்ப மூன்று தொடர்மாடி, 60க்கு மேல குடும்பம். வடிகான் மட்டும் அதே ஒன்றரை அடிதான். கார்ப்பெட் போட வாறவை பழையதைக் கிளறி எடுக்காமல் மேல மேல போட்டு ரோட்டை உயர்த்திவிட்டினம், பழைய வீடுகள் எல்லாம் ரோட்டுக்குக் கீழ போயிட்டுது. ரோட்டோரம் குவிச்ச மணலும் கொங்கிரீட் கழுவின தண்ணியும் கானுக்குள்ள இறங்கிக் கல்லா இறுகிக் கிடக்கு. அங்கால முத்துராஜவெலச் சதுப்பு, 3,000 ஹெக்டேருக்கு மேல. மழைத்தண்ணியை உறிஞ்சி வைச்சு ஆறுதலா விடுறது அதுதான். அதின்ட கரையில லொறி லொறியா மண் கொட்டினால் தண்ணி எங்க போறது? எங்கட குசினிக்குள்ளதான் வரும். 2018இல கொழும்புக்கு ராம்சார் ஈரநில நகரம் என்று, ஈரநிலங்களைக் காக்கிற நகரங்களுக்குக் குடுக்கிற சர்வதேச அங்கீகாரம் கிடைச்சது. அந்தப் பேப்பர் துண்டை மாஸ்டர் வெட்டி வைச்சிருந்தார். இதைக் காட்டினாலாவது கேப்பாங்கள் என்று நம்பினவர், பாவம்.

அவர்ட ஃபைலை நேற்று அவர்ட மனுசி, டீச்சர், எனக்குக் காட்டினா. 19 கடிதம். ஒவ்வொன்றிலயும் திகதி, கான் அடைச்ச இடம், எத்தனை வீட்டுக்குள்ள தண்ணி வந்தது எல்லாம் அந்த அச்சடிச்ச மாதிரிக் கையெழுத்தில. எல்லாம் தமிழில. 1987இல பதின்மூன்றாம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழியாகிட்டுது, நான் ஏன் வேற மொழியில எழுதவேணும் என்று கேப்பார். வந்த பதில் நாலும் சிங்களத்தில. அதை வாசிச்சுச் சொல்ல முன்வீட்டுப் பெடியனைக் கூப்பிடுவார். நாலிலயும் ஒரே கதை: இது எங்களுக்குரிய கான் இல்லை, மற்றக் கந்தோருக்குப் போங்கோ. மற்றக் கந்தோருக்குப் போனால் திருப்பி இங்கதான் அனுப்புவாங்கள். 78 வயதில பஸ் ஏறி இறங்கின மனுசன்.

2025 நவம்பர் கடைசியில டித்வாப் புயலோட களனி கங்கை பெருகி வந்த நேரம் லேனில முழங்கால் அளவு தண்ணி. நாங்கள் எல்லாரும் சாமான்களை மேல ஏத்திக்கொண்டு நிக்கிறம், மாஸ்டர் குடையும் இல்லாமல் முருங்கைக்காய் பிடுங்குற கொக்கத்தடியைக் கொண்டுபோய்க் கான் வாயில அடைச்ச சொப்பிங் பேக்குகளை ஒவ்வொன்றா இழுத்து எடுக்கிறார். "தம்பி, ஒரு கை தாரும்" என்று என்னைக் கூப்பிட்டவர். நான் ஃபிரிட்ஜைத் தூக்கிக்கொண்டு நின்றன். போகேல்லை. அந்தக் குரல் இன்னும் காதில கிடக்கு.

மனுவில கையெழுத்துக்கு வீடு வீடாப் போனவருக்குக் கதவு திறக்காத ஆக்கள் செத்தவீட்டுக்குக் கார் நிப்பாட்ட இடம் தேடினதைப் பார்க்க எனக்கு ரத்தம் கொதிச்சுது. மாலை போட்டவையில எத்தனை பேர் அந்த மனுவில கையெழுத்து வைச்சனீங்கள்? டீச்சரிட்ட இருக்கு, எண்ணிப் பார்த்தன். ஏழு.

இப்ப நடக்கிறதைக் கேளுங்கோ. மூன்றில ஒரு பெனர் காத்துக்கு அறுந்து நேராக் கான் வாயில விழுந்து ஒட்டிக்கொண்டுது. பிளாஸ்டிக், உக்காது, தண்ணி விடாது. நேற்றுப் பின்னேரம் அரை மணித்தியாலம்தான் மழை. தண்ணி திரும்பி மாஸ்டர் வீட்டு விறாந்தையில ஏறி, அவர்ட படத்துக்கு முன்னால எரிஞ்ச விளக்கு வரைக்கும் வந்திட்டுது. டீச்சர் படத்தை நெஞ்சோட அணைச்சுக்கொண்டு கதிரையில காலைத் தூக்கி வைச்சு இருந்தா. அவர்ட பெயரில கட்டின பெனர் அவர்ட வீட்டையே தாக்குது! தொங்குற மற்ற ரெண்டின்ட மடிப்பிலயும் மழைத்தண்ணி தேங்கி நிக்குது, டெங்கு நுளம்பு முட்டையிட வேற இடம் வேணுமே? 2017இல நாடு முழுக்க 1,86,000 பேருக்கு மேல டெங்கில விழுந்ததை மறந்திட்டம். முற்றத்தில சிரட்டை கிடந்தால் எங்களுக்கு வழக்கு, பெனர் கட்டினவனுக்கு ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை அந்தியேட்டி. அதுக்குப் புதுசா இன்னொரு பெனர் கட்ட அளவெடுத்துக்கொண்டு போயிருக்கிறாங்கள் என்று கேள்விப்பட்டன். கட்ட விடமாட்டன். சனிக்கிழமை விடிய 7 மணிக்கு நான் இந்த மூன்றையும் கழட்டிப்போட்டுக் கான் துப்பரவாக்கப் போறன். இருபதாவது கடிதம் எழுதி வைச்சிருக்கிறன், தமிழிலதான், கையெழுத்துப் போட இடம் விட்டிருக்கு. மண்வெட்டி இருக்கிறவை கொண்டு வாங்கோ. கொக்கத்தடியை டீச்சரிட்டக் கேட்டிட்டன்.