யாரால் நடப்பட்டது?

இலங்கையில் சாதாரண தரப் (O/L) பரீட்சைக்கு ஆங்கிலம் படிப்பதென்றால், எவரோ எப்போதோ தயாரித்த மாதிரி வினாத்தாளின் பிரதிக்கு எடுத்த பிரதியை விளக்கொளியில் பிடித்து, அதிலிருப்பது முற்றுப்புள்ளியா மைக்கறையா என்று ஆராய்வதுதான் என்றாகிவிட்டது. வாசிப்புப் பந்தியின் கடைசி வரி தாளின் ஓரத்தோடு வெட்டுப்பட்டிருக்கும். கடைசிக் கேள்வியோ தவறாமல் அந்த வரியைப் பற்றியதாகவே இருக்கும்.

பந்திகளைச் சொல்லவே வேண்டாம். ஒன்றில் துருவக் கரடி, இன்னொன்றில் இலண்டன் சுரங்க ரயில். நம் மலையகத்தைப் பற்றியும் ஒன்று வந்திருக்கிறதே என்று ஆவலோடு எடுத்தால், 1867 இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட அதே பழைய கதை. அதை வைத்தே செயப்பாட்டுவினைப் பயிற்சியும் உண்டு: தேயிலை நடப்பட்டது, கொழுந்து பறிக்கப்பட்டது, பெட்டிகளில் அடைக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்டது. யாரால் என்பதை எழுதாமல் விட்டாலும் புள்ளி குறையாதாம், இலக்கணமே அதற்கு இடம் தருகிறதாம்! தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடை சுமந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு கிடைக்குமா?

சொற்பயிற்சி தனி வதை. படத்தைப் பார்த்துப் பெயர் எழுத வேண்டுமாம். கறுப்புத் திட்டாக அச்சாகியிருப்பது சலவை இயந்திரமா, நுண்ணலை அடுப்பா? இரண்டையுமே காணாத தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், ஒரு லயன் அறையில் உட்கார்ந்துகொண்டு எதை வைத்து ஒப்பிடுவது? மழையில் நனைந்து ஹட்டனுக்கு வகுப்புக்குப் போய்க் கேட்டால், "அதெல்லாம் பரீட்சைக்கு வராது, அடுத்த தாளை எடு" என்கிறார்கள். வராததை எதற்கு ஐயா காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிறீர்கள்?