முருகைக்கல்லில் கால் வைக்காதீர்கள்

போன ஆகஸ்டில் என் கணவருக்குத் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியில் மூன்று நாள் மாநாடு. காலை எட்டரைக்கு மண்டபத்துக்குள் போனால் மாலை ஐந்துக்குத்தான் வெளியே வருவார். முதல் நாள் பத்து மணி வரைக்கும் ஹோட்டல் அறையிலேயே இருந்து பார்த்தேன். யன்னலுக்கு நேரே, ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புறாத்தீவு. கடலோ தட்டில் ஊற்றி வைத்த தண்ணீர் மாதிரி அசையாமல் கிடந்தது. அதற்கு மேல் இருப்புக் கொள்ளவில்லை, வெளிக்கிட்டு விட்டேன்.

"தனியவா தங்கச்சி?" என்று கேட்ட படகுக்கார அண்ணா, உயிர்காப்பு அங்கியின் பட்டியை இறுக்கிக் கட்டச் சொன்னார். "நீந்தத் தெரியாட்டியும் பரவாயில்லை, இது மிதக்க வைக்கும். ஆனா கீழ கால் மட்டும் ஊண்டிப் போடாதீங்கோ. பார்த்தா கல்லு மாதிரித்தான் இருக்கும். அது உயிர்."

அவர் சொன்னதை நான் பாதிதான் நம்பினேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த பிறகுதான் மீதியும் விளங்கியது. இடுப்பளவு ஆழம்தான் இருக்கும். மான் கொம்பு போலக் கிளை விட்டவை, மேசை போல விரிந்தவை, மனித மூளை போல மடிப்பு மடிப்பாக உருண்டவை என்று கண்ணுக்கெட்டிய தூரம் வரை முருகைக்கல், அதாவது பவளப்பாறை. நீலமும் பச்சையுமாக ஒரு கிளிமீன் அதைக் கடித்துக்கொண்டிருந்தது. 'கறுக் கறுக்' என்ற அந்தச் சத்தம் தண்ணீருக்குள் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அப்புறம் துடுப்பு நுனி கறுத்த சின்னச் சுறா ஒன்று, நான் இருப்பதையே கவனிக்காமல் கடந்து போனது. பயப்படக்கூட எனக்கு நேரம் இருக்கவில்லை.

கரைக்கு வந்து உட்கார்ந்தேன். தீவின் ஒரு பக்கத்தில் மணலே இல்லை, செத்து ஒதுங்கிய முருகைத் துண்டுகள்தான் குவியலாகக் கிடக்கின்றன. சுண்டுவிரல் நீளத் துண்டு ஒன்றை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். உடம்பெல்லாம் ஊசிமுனைத் துளைகள். ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு சின்னஞ்சிறு உயிர் இருந்திருக்கிறது. அந்த உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, தங்களைச் சுற்றிச் சுண்ணாம்பு கட்டிக் கட்டி எழுப்பியதுதான் நாம் காணும் பாறை. உருண்டைப் பாறைகள் வருசத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். என் உயரத்துக்கு ஒன்று வளர நூறு வருசத்துக்கு மேலாகும். பார்த்து முடிந்ததும் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்தேன். கரையில் கிடக்கிறதுதானே என்று அதைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

அந்த நேரம் பார்த்து ஐந்தாறு பொடியன்கள் தண்ணீருக்குள் இறங்கி, மேசை மாதிரி விரிந்த ஒன்றின் மேல் ஏறி நின்று செல்பி எடுத்தார்கள். அதன் விளிம்பு உடைந்து விழுந்தது. ஒருவனுக்காவது அது தெரியவில்லை. "தம்பி, இறங்குங்கோ, அது உயிருள்ளது" என்று கத்தினேன். உடனே இறங்கிவிட்டார்கள், ஒருவன் மன்னிப்பும் கேட்டான். கெட்ட பிள்ளைகள் இல்லை. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தீவு 1963இலேயே சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவும் ஆகிவிட்டது. மாடப்புறாக்கள் வந்து கூடு கட்டுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் மிதிக்கிற கால் நம்முடையது. கடல் சூடானால் முருகைக்கல் வெளுத்துப் போகும், அதை நானோ நீங்களோ ஒரு நாளில் நிறுத்த முடியாது. காலைத் தூக்கிக்கொள்ள முடியும்தானே?

அடுத்த நாள் பஸ் ஏறி நகரத்துக்குப் போனேன். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள்ளே புள்ளிமான்கள் ஆட்களோடு ஆட்களாகத் திரிகின்றன. ஒரு மான் பிளாஸ்டிக் சொப்பின் பை ஒன்றைச் சவைத்துக்கொண்டிருந்தது. இழுத்தெடுக்கப் போனேன், விழுங்கிவிட்டது. சாமி கும்பிடும்போதும் அந்த நினைப்புத்தான்.

மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குப் பையில் போட்டுக் குறிப்புப் புத்தகமும் பேனாவும் கொடுக்கிறார்கள். அதே பையில் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தாள் வைத்தால் என்ன? மூன்றே வரி போதும். முருகைக்கல்லில் நிற்காதீர்கள், துண்டுகளை எடுக்காதீர்கள், மானுக்குப் பிளாஸ்டிக் பையோடு சாப்பாடு போடாதீர்கள். விடுமுறைக்குத் திருகோணமலை போகிற நீங்களும் இதைப் பிள்ளைகளுக்குப் படகில் ஏற முன்னமே சொல்லிவிடுங்கள். தண்ணீருக்குள் இறங்கிய பிறகு யாரும் கேட்கமாட்டார்கள்.

மூன்றாம் நாள் மாநாடு மத்தியானத்தோடு முடிந்தது. அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு நீச்சல் தெரியாது. அங்கியோடு மிதந்தவர் ஓர் இடத்தில் தடுமாறிக் காலைக் கீழே இறக்கப் போனார். கையைப் பிடித்து, "காலை மடக்குங்கோ, மடக்குங்கோ" என்றேன். மடக்கிக்கொண்டு என் தோளைப் பற்றினார். அப்படியே ஒரு கால் மணி நேரம் இரண்டு பேரும் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி கிடந்தோம். எனக்கு முன்னே நீண்ட அவர் விரல் ஒரு கிளிமீனைக் காட்டியது.