ஓப்பன் வாட்டர் ஓரிடத்தில், அட்வான்ஸ்டு வேறிடத்தில்: தாராளமாகச் சேரலாம்

பாடியும் (PADI) எஸ்எஸ்ஐயும் (SSI) ஸ்கூபா டைவிங் பயிற்சி தந்து சான்று அட்டை வழங்கும் நிறுவனங்கள். ஓப்பன் வாட்டர் என்பது முதல்நிலைப் பயிற்சி, அட்வான்ஸ்டு அதற்கு அடுத்தது. "பாடியில் ஓப்பன் வாட்டர் முடித்தவர் எஸ்எஸ்ஐயில் அட்வான்ஸ்டு சேர முடியாது, முதலிலிருந்து படிக்க வேண்டும்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. இது தவறு.

இரண்டின் ஓப்பன் வாட்டர் பயிற்சியும் ஐஎஸ்ஓ 24801-2 என்ற ஒரே சர்வதேசத் தரத்தைப் பின்பற்றுகிறது. ஒன்றின் அட்டையைக் காட்டி இன்னொன்றின் அடுத்த பயிற்சியில் சேரலாம். டைவ் செய்து நாளாகியிருந்தால் பயிற்றுநர் முதலில் உங்கள் அடிப்படைத் திறனைச் சோதிக்கக்கூடும், அது நல்லதுதான்.

கவனிக்க வேண்டியது வேறு: ஒரே பெயருள்ள அட்டைக்கு இரண்டு இடத்திலும் தேவைகள் ஒன்றல்ல. பாடியின் அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டரில் மொத்தம் 5 டைவ்கள். அவற்றில் ஆழ டைவும் திசையறிதலும் கட்டாயம். எஸ்எஸ்ஐயில் இதற்கு நிகரானது அட்வான்ஸ்டு அட்வென்ச்சரர். அங்கே அட்வான்ஸ்டு ஓப்பன் வாட்டர் அட்டை பெற 4 சிறப்புப் பயிற்சிகளும் 24 டைவ்களும் முடித்திருக்க வேண்டும். சேருமுன் எது கிடைக்கும் என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், ஒரு பயிற்றுநர் ஒரே நேரத்தில் எத்தனை பேரை நீருக்குள் அழைத்துச் செல்கிறார் என்றும் கேளுங்கள். என்னைப் பொறுத்தவரை, அட்டையின் முத்திரையைவிட இதுதான் முக்கியம்.

சேர்க்கைத் தகுதிகள் இரு நிறுவனங்களின் இணையதளங்களிலும் உள்ளன. அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.